மெதுவாகச் சொன்னால் கேட்கும் பெட்டி

என் குரலில் குறை சொல்ல ஆள் கிடையாது. சொன்ன ஒன்றிரண்டு பேரையும் நான் சும்மா விட்டதில்லை. குறை சொன்னதெல்லாம் என் அண்ணன் தானியேலின் மைக் செட் ஹார்ன்தான். நான் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது அது கரகரவென்று கிழியும், பிறகு மூச்சு நின்ற மாதிரி அடங்கிப்போகும். ஹார்னின் முதுகில் திருகி வைக்கும் யூனிட்டுக்குள் மெல்லிசாக ஒரு தகடு இருக்கும். அது எரிந்துவிடும். எண்பத்து மூன்றாம் வருஷம் மட்டும் எத்தனை யூனிட் போனது என்று கேட்டால் அண்ணன் ஒரு கணக்குச் சொல்வான், நான் ஒரு கணக்குச் சொல்வேன். இரண்டிலும் குற்றவாளி நான்தான்.

"உன் தொண்டைக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டாத்தான் சரியா வரும்" என்பான்.

"போடேன், போடு. கழுத்துல இன்னும் இடம் பாக்கி இருக்குதா பாரு" என்பேன் நான்.

பழவேற்காட்டில் அண்ணனுடைய மைக் செட்டுக்கு நல்ல பெயர். ஓர் ஆம்ப்ளிபயர், இரண்டு ஹார்ன், ஒரு மைக், கார் பேட்டரி, ஆர்மோனியம், டோலக், அப்புறம் ரோசி என்கிற நான். சாமான்களை ஏற்றும்போது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சரிபார்ப்பான், என்னையும் சேர்த்துத்தான். ஏரிக்குள் இருக்கும் குப்பங்களுக்குப் படகில் போகும்போது ஆம்ப்ளிபயர் நனையக் கூடாதென்று அதை என் மடியில் வைப்பான். போகும்போதும் என் மடியில், திரும்பும்போதும் என் மடியில். என் வயதுக்காரிகள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போனார்கள். நான் இந்த இரும்புச் சனியனை வைத்துக்கொண்டு போனேன்.

நைனா செத்தபிறகு எனக்கும், பின்னால் வந்த அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டவன் அண்ணன்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பெரிய பாட்டு முடிந்ததும் ஆம்ப்ளிபயர் மேசையை விட்டு எழுந்து, பிளாஸ்கில் சுக்கு வெந்நீர் கொண்டுவந்து என் கையில் கொடுப்பான். கூட்டத்தில் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். தங்கச்சி என்றால் தானியேலுக்கு உயிர் என்பார்கள். உயிர்தான். தங்கச்சியின் மேல் இல்லை, தங்கச்சியின் தொண்டை மேல்.

பொன்னேரி பஸ்ஸில் தனசேகர் என்று ஒரு கண்டக்டர் இருந்தான். பேட்டரிக்கு ஆசிட் வாங்க நான் பொன்னேரிக்குப் போய் வருவேன். திருப்பாலைவனம் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நேத்து காட்டூர் கல்யாணத்துல நீங்கதான் பாடினீங்களாமே, நமக்குத்தான் டூட்டியாப் போச்சு" என்பான். அதற்குமேல் பேசத் தெரியாது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. திடீரென்று ஒரு நாள் டிக்கெட்டைக் கிழித்து, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான். அடுத்த முறையும் அப்படியே. நான் என்ன அழுகின மீனா?

அவனுடைய அக்கா மார்கரெட் எங்கள் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இறால் ஏலம் போடும் இடத்தில் அவளைப் பிடித்து, "உங்க தம்பிக்கு இன்னா கொழுப்பு?" என்று கேட்டேன்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கொழுப்பு இல்லடி. உன்னப் பொண்ணு கேட்டு உங்க அண்ணங்கிட்ட வந்தான். நீ மாதாவுக்கு நேர்ந்துகினியாமே? கல்யாணமே கட்டாம கடைசி வரைக்கும் மாதாவுக்குப் பாடிகினே இருக்கறேன்னு. தெரியாம கேட்டுட்டோம்னு காதப் புடிச்சுகினு வந்துட்டான் பாவம்."

நான் எப்போது நேர்ந்துகொண்டேன்? எந்த மாதா முன்னால்? நேராக வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஒரு வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, சொன்னேன்" என்றான், வயரை வாயிலிருந்து எடுக்காமலே. "வூடு தேடி வந்தவன மூஞ்சில அடிச்ச மாதிரி வேணான்னு சொல்ல முடியுமா? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்ப போயி இல்லேன்னு சொல்லு."

"சொல்லிட்டு? மாதா பேர்ல பொய் சொன்னான்னு ஊரு என்ன தோலுரிக்கவா? போ, போய் சோத்த வடி."

இதில் எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று இருக்கிறது. நேர்ச்சை என்றால் விளையாட்டில்லை. முன்பொரு முறை யாரோ மாதாவுக்கு நேர்ந்ததை மீறினார்களாம். அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிக் கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, இறாலும் இல்லை, ஊரே பட்டினி. மணலைக் கொண்டுவந்தது காற்றா அலையா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். அதனால் நேர்ந்துகொண்ட பெண்ணை எவனும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். அவளாக வந்து கையைப் பிடித்தாலும் உதறிவிட்டு ஓடுவான்.

பங்குச் சாமியாரிடம் போய் அழுதேன். "நேராத நேர்ச்சைக்கு மன்னிப்பு எதுக்கும்மா? நிம்மதியாப் போ" என்று சிரித்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மார்கரெட்டிடம் வந்து சொன்னால், "சாமியார் மன்னிப்பாருடி, முகத்துவாரம் மன்னிக்குமா?" என்கிறாள். நான் நேரவே இல்லை என்று கத்தினேன். அவள் என் முதுகைத் தடவி, "மனசு மாறறது சகஜந்தான். உன் மேல தப்பே இல்ல" என்றாள். கடைத்தெருவில் கத்தினேன். கோயில் வாசலில் கத்தினேன். கத்தக் கத்த எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். நான் நேர்ந்துவிட்டு இப்போது தவிக்கிறேன் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. என் வாய்க்கு எட்டு ஊர் கேட்கும் சத்தம் இருந்தும் இந்த ஒரு வார்த்தை யார் காதிலும் ஏறவில்லை. அண்ணனே தன் வாயால் சொன்னால் ஒழிய எனக்கு விடிவு இல்லை. அவன் சொல்லமாட்டான்.

இது போதாதென்று ஏரிக்கு நடுவில் இருக்கும் மாதா குப்பத்திலிருந்து ஊர்ப் பெரியதனக்காரர் அருளப்பன் ஒரு நாள் படகேறி வந்தார். திருவிழாவுக்கு எங்கள் செட்டைச் சொல்ல வந்தவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

"உன் நேர்ச்சைய இந்த வருசம் மைக்குல ஊரறியச் சொல்லி, மாதா பாதத்துல வச்ச நீல மாலைய உன் கழுத்துல போடறதா பேசியிருக்கறோம்மா."

அந்த மாலை பற்றி எனக்குத் தெரியும். மாதாவின் காலடியிலிருந்து எடுத்துவிட்டால் அது திரும்பப் பூக்கூடைக்குப் போகக் கூடாது. யார் கழுத்தில் விழுகிறதோ அவர் சாகும்வரை மாதாவுக்குச் சொந்தம். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். "ஆவட்டும்ணே" என்றான்.

அதே வாரம் லிமிட்டர் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு மதராசுக்குப் போனான். லிமிட்டர் என்பது மைக்குக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் மாட்டும் பெட்டி. சத்தம் ஒரு எல்லைக்கு மேல் போனால் அமுக்கிப் பிடிக்கும், யூனிட் பிழைக்கும். எந்தத் தொண்டைக்கு வாங்குகிறானோ அந்தத் தொண்டையை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் நான். மாட்டுக்கு லாடம் அடிக்க மாட்டையும்தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

ரிச்சி தெருவில் ஜலீல் பாய் கடை வைத்திருந்தார். எங்கள் பழவேற்காட்டுக்காரர். கடை என்றால் ஆள் உள்ளே போனால் திரும்ப முடியாத சந்து, சுற்றிலும் கழற்றிப்போட்ட ரேடியோக்கள். எனக்கு அங்கேயே மூச்சு முட்டியது. அவர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

முதலாவது சிங்கப்பூரிலிருந்து வந்த கறுப்புப் பெட்டி. முகப்பில் முள் ஆடும். எங்கே அமுக்க வேண்டும், எவ்வளவு அமுக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. விலையைக் கேட்டதும் அண்ணன் கையை எடுத்துக்கொண்டான்.

"உனக்கு இது தோதும் படாது. கரண்ட் வேணும் இதுக்கு. குப்பத்துல நீ பேட்டரிலதானே ஓட்டற" என்றார் ஜலீல் பாய். இரண்டாவதை முன்னே தள்ளினார். "இது நானே போட்டது. பேட்டரில ஓடும். கோட்டுக்குக் கீழ இருக்கற சத்தத்தத் தொடாது, மேல போனா மட்டும் புடிக்கும். தங்கச்சி குரலுக்கு இதான் சரி. காசு மெதுவா குடு, ஓடிடமாட்டே."

அண்ணனின் கண் மூன்றாவதில் இருந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி மடக்கின மாதிரி ஒரு தகரப் பெட்டி. "அது இன்னா பாய்?"

"அத்த லிமிட்டர்னு சொன்னா எனக்கே சிரிப்பு வரும். டேப் ரிக்கார்டருக்குள்ள இருக்குமே ஆட்டோ லெவல், அந்த போர்டு. இதுக்கு எல்லாம் ஒரே மட்டம். கத்தறதையும் அமுக்கும், முணுமுணுக்கறதையும் தூக்கும். தங்கச்சி, பாடு."

நான் பாடினேன். மேலே ஏறினேன். அது பிடித்து அமுக்கியது. இன்னும் ஏறினேன். தலைமேல் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் வந்த குரல் சப்பையாக, நசுங்கி, எவளோ போர்வைக்குள் பாடுகிற மாதிரி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தினேன். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் மெல்ல எழுந்தது. அதற்குள்ளிருந்து, எதிர்க்கடையில் டீ ஆற்றுகிறவன் யாரிடமோ தன் மாமியாரைத் திட்டுவது தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா?" என்றார் ஜலீல் பாய். "சும்மா இருந்தா இது காதத் தொறந்துகினே போவும். மைக்காண்ட எவன் எத்த குசுகுசுன்னாலும் தூக்கி வெளிய போட்டுரும். ஹார்ன தூரமா, அந்தாண்ட திருப்பிக் கட்டணும், இல்லாட்டி ஊளையிடும்."

"யூனிட்டு எரியாதே?"

"அது எரியாது."

"அப்ப இதான்" என்றான் அண்ணன். ஜலீல் பாய் என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? என்னைக் கேட்டு அந்த வீட்டில் எது நடந்தது?

வீட்டில் கொண்டுவந்து மாட்டினான். ஒரு ஹார்னைக் கூரைமேல் தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டு, "பாடிகினு இரு, ஹார்ன் சரியா கேக்குதான்னு படித்துறை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினான். நான் இரண்டு வரி பாடினேன். அந்த நசுங்கின குரலைக் கேட்கச் சகிக்காமல் நிறுத்தினேன். மைக் முன்னாலேயே உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கஞ்சப்பய. தங்கச்சி கழுத்த நெறிக்கறதுலயும் மலிவு பாக்கறான்" என்று முனகினேன்.

தெருவில் கொல்லென்று சிரிப்பு. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். நாலைந்து வீடு தள்ளி இறால் உரித்துக்கொண்டிருந்த மார்கரெட், "யார்டி கஞ்சப்பய? உங்கண்ணனா?" என்று அங்கிருந்தே கேட்டாள். வீட்டுக்குள் இருந்த எனக்கு ஹார்ன் பேசியதே தெரியவில்லை. அது மேலே, அந்தப் பக்கம் திரும்பி இருந்தது.

நல்லவேளை, அதற்குள் அண்ணன் மூலை திரும்பி ஏலக் கூச்சலுக்குள் போய்விட்டிருந்தான். திரும்பி வந்து, "ஏன் நிறுத்திட்டே?" என்று மட்டும் கேட்டான். தொண்டை வலி என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஆயிரம் கத்தினாலும் கேட்காத ஊர், மெதுவாகப் பேசினால் கேட்கும். என் வாய் அல்ல, அவன் வாய்தான் பேச வேண்டும். அதற்கு வழி இந்தத் தகரப் பெட்டியில் இருந்தது, அவனே பார்த்து வாங்கிய பெட்டி.

திருவிழா அன்று மத்தியானம் புறப்பட்டோம். தண்ணீர் வற்றின சமயம். கோல் ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டியிருந்தது. நடுவில் சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், வெயிலில், சுற்றிலும் முழங்கால் தண்ணீர், என் மடியில் ஆம்ப்ளிபயர், அதன்மேல் அந்தத் தகரப் பெட்டி. இறங்கி நடக்கலாமென்றால் இடுப்பு வரை சேறு இழுக்கும். அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கை இப்படியே இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இன்னா மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்கற?" என்றான் அண்ணன், கோலை ஊன்றியபடி. "மாலை போட்டா இன்னா கொறஞ்சிடும்? ஊரே கையெடுத்துக் கும்புடும்."

"அப்ப நீ போட்டுக்க."

அவன் கோலை இன்னும் அழுத்தி ஊன்றினான். படகு ஒருவழியாக அசைந்தது.

மாதா சிலை இருக்கும் கல் குகைக்கு, கெபிக்கு, பக்கத்தில் மேடை. ஹார்ன் இரண்டையும் தள்ளி, கரையோரச் சவுக்கு மரங்களில், குடிசைகளையும் ஏரியையும் பார்த்துக் கட்டினான். மேடையில் நின்றால் ஹார்ன் சத்தம் காற்றோடு போய்விடும், நமக்கு வராது. டோலக் அடிக்கும் பூபதி அண்ணனிடம் மட்டும், "என் கடைசிப் பாட்டு முடிஞ்சதும் கைய எடுத்துடுங்க, ஒரு தட்டுகூடத் தட்டாதீங்க" என்று சொல்லி வைத்தேன். மாலை போடும் நேரத்து மரியாதை என்று நினைத்துத் தலையாட்டினார்.

பொழுது சாயும்போது நான் பாட ஆரம்பித்தேன். மாதா பாட்டு. மேலே போகப் போக அது அமுக்கியது. இத்தனை வருஷம் என் குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை போய்வரும். அன்றைக்கு அது சவுக்கு மரத்தோடு நின்றது. கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரிந்தது, வயிறெரிந்தது. முன்பெல்லாம் பாட்டு முடிந்ததும் அண்ணன் வால்யூமைக் குறைப்பான். பெட்டி வந்தபிறகு அவன் திருகில் கையே வைப்பதில்லை. அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பெருமை வேறு.

கடைசிப் பாட்டு முடிந்தது. அருளப்பன் மாலை எடுக்கக் கெபிக்குள் போனார். சனம் முழுக்க முழங்காலிட்டது. மாலை வெளியே வரும்வரை யாரும் பேசக் கூடாது, அதுதான் வழக்கம். பிள்ளைகளின் வாயைக்கூடத் தாய்மார்கள் பொத்திக்கொண்டார்கள். பூபதி அண்ணன் கையை எடுத்துவிட்டார். நான் மைக்கை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதைத் திற, காதைத் திற என்று அந்தப் பெட்டியிடம் கெஞ்சினேன். மாதாவிடம்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

அண்ணன் பிளாஸ்கோடு வந்தான். மைக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். மூடியில் சுக்கு வெந்நீரை ஊற்றி நீட்டினான்.

"அண்ணா, மாலை போடப் போறாங்க" என்றேன் மெதுவாக. "நான் எப்ப நேர்ந்துகினேன்?"

"இப்பப் போயி இத்த கேக்கறியே. கம்முனு குடி."

"ஒரே ஒரு தடவ சொல்லு. நேர்ந்துகினேனா?"

அவன் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னை விட மெதுவாகச் சொன்னான். "நீ எங்க நேர்ந்துகின? நான்தான் சொன்னேன். அந்தக் கண்டக்டர் வந்து நிக்கறான், வேற இன்னாத்த சொல்றது? மாதா பேரச் சொன்னா எவனும் மறுபடி வரமாட்டான். நீ போய்ட்டா செட்டுல எவ பாடுவா? என் புள்ளைங்க இன்னா துன்னும்? மாதாவுக்கு இன்னா, அவங்க ஒண்ணும் கோச்சிக்கமாட்டாங்க. குடி."

நான் குடித்தேன். அவசரத்தில் பாதி புடவையில் கொட்டியது.

முழங்காலிட்டிருந்த முதுகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சவுக்கு மரத்தடியில் இருந்து ஒரு பெண், "அடப்பாவி மவனே!" என்று ஓலமிட்டாள். கரையில் படகுக்குள் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அண்ணன் கூட்டத்தைப் பார்த்தான், ஹார்னைப் பார்த்தான், அப்புறம் மேசைமேல் இருந்த தகரப் பெட்டியைப் பார்த்தான். பிளாஸ்க் கையிலிருந்து நழுவி உள்ளே கண்ணாடி நொறுங்கியது. அந்தச் சத்தத்தையும் பெட்டி தூக்கி ஏரி முழுக்கப் போட்டது.

அருளப்பன் மாலையைக் கையில் ஏந்தியபடி கெபி வாசலில் நின்றிருந்தார். "தானியேலு, இப்ப சொன்னத மாதா மொகத்தப் பாத்து இன்னொரு தடவ சொல்லு."

அண்ணன் மைக்கைப் பிடுங்கினான். "பொய்! நான் சொல்லல! இவ ஏதோ சூது பண்றா! இவ நேர்ந்துகினா, நான் சாட்சி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் கத்திய கத்தல் பெட்டிக்குள் போய் நசுங்கியது. ஹார்ன் வழியாகக் கரைக்கு ஒரே இரைச்சல்தான் போனது, வார்த்தை போகவில்லை. இன்னும் பலமாகக் கத்தினான். இன்னும் நசுங்கியது.

"இன்னாயா சொல்றான்? ஒரு எழவும் புரியலியே" என்றது கரை.

நான் அவன் தோளைத் தொட்டேன். "மெதுவா சொல்லுண்ணா. கத்தினா அது அமுக்கிடும். நானுந்தான் எத்தன நாளு கத்திப் பாத்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமாக இருப்பான் என்று நினைத்தேன், இல்லை. சின்ன வயதில் நைனாவின் உடம்பைக் கரையில் கிடத்தியபோது நின்றானே, அதே முகம். மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனான்.

"அவ நேர்ந்துக்கல" என்றான். "நான்தான் பொய் சொன்னேன். அவ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்னு பயமா இருந்திச்சு."

சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் கரை வரைக்கும் கேட்டது. எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் என்னை இத்தனை வருஷம் கட்டிப்போட்டது என்பதும் அப்போதே உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை அவன் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

அருளப்பன் மேடைக்கு வந்தார். மாலை கூடைக்குத் திரும்பாதே. ஊரே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய் அதை அண்ணன் கழுத்தில் போட்டார்.

"மாதா பேர்ல ஒரு வாக்கு சொல்லியாச்சு. அத்த யாராவது காப்பாத்தித்தானே ஆவணும்? உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது, கல்யாணம் கட்டாத பாதி போவட்டும். பாடற பாதி உன்னுது. வருசா வருசம் இங்க வந்து நீதான் பாடணும். உசுரு இருக்கறவரைக்கும்."

சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவன் அண்ணன். பூபதி அண்ணன் டோலக்கின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் மாலையைத் தொட்டான், எடுக்கத் துணியவில்லை.

மாதா தேர் சுற்றி வந்ததும் நான் கரைக்கு இறங்கினேன். எங்கள் படகு தயாராக இருந்தது. அண்ணன் அதில் சாமான்களுக்கு நடுவில் நின்றான், கழுத்தில் மாலையோடு. நான் அதைத் தாண்டி நடந்து திருவிழாவுக்கு வந்திருந்த மார்கரெட் வீட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தேன்.

"ரோசி" என்று கூப்பிட்டான். "ஆம்ப்ளிபயர யார் மடியில வைக்கறது?"

"உன் மடியில வச்சிக்க."

படகு கிளம்பியது. என் மடி லேசாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவையில் சுக்குத் தண்ணீர் கொட்டின இடத்தைப் பிழிந்துகொண்டே இருந்தேன். மார்கரெட் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்கூட நம்பலியேடி உன்ன" என்றாள். "எத்தினி வாட்டி சொன்னே." அப்புறம் சுற்றி வளைக்காமல், "தம்பி இன்னும் வேற எடம் பாக்கல. நாளைக்கு நானே போயி சொல்லவா?" என்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க்கா" என்றேன். எனக்கு அவன்மேலும் கோபம் இருந்தது. என்னைப் பெண் கேட்டு வந்தவன், நேர்ந்துகொண்டாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டானா? பஸ்ஸில் எத்தனை முறை பக்கத்தில் வந்து நின்றான்? "நானே காலைல பஸ்ஸுல போறேன். மொதல்ல என் மூஞ்சப் பாத்து டிக்கெட்டக் குடுக்கட்டும். அப்புறம் நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லட்டும். புடிச்சா பேசறேன்."

"பஸ்ஸுல வச்சு கத்தாதேடி."

"கத்தமாட்டேன்" என்றேன். "மெதுவாத்தான் கேப்பேன்."